படுத்தால் போகும், உட்கார்ந்தால் வரும்

"இடுப்பு வலி தாங்காதவ என்ன பொம்பளை?" என்று கேட்கிற வீட்டில் பிறந்து, அதையே கேட்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். எனக்கு 46 வயது. படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. என் இரண்டு பிள்ளைகளையும் கும்பகோணத்தில், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதான் பெற்றேன். அந்த வலிக்கு ஒரு மருந்து உண்டு என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

போன வருஷம் ஐப்பசியில் என் மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம். அதில் அவள் பட்ட பாட்டையும், தெரியாத்தனமாக நான் செய்த தவறையும் இங்கே எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வந்து வைத்திருக்கும் இன்னொரு தாய்க்கு இது உபயோகப்படுமே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

மகள் கேட்டது

வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்த மறுவாரமே, "அம்மா, நான் எபிடியூரல் போட்டுக்கலாம்னு இருக்கேன். டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன், அவரும் சரின்னுட்டார்" என்றாள் என் மகள். 'அவர்' என்றது மாப்பிள்ளையை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகில் ஊசியா? என் அம்மா ஒரு படி மேலே போனார்கள். "முதுகுல குத்தினா ஆயுசுக்கும் இடுப்பு வலிதான். குனிஞ்சு ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது பாரு" என்றார்கள். சம்பந்தியம்மா போனில், "நாங்கள்லாம் பெக்கலையா சம்பந்தி? உங்க பொண்ணு மட்டும் என்ன பூவா?" என்று சிரித்துக்கொண்டே குத்தினார்கள். சிரிப்பு சிரிப்பாக இருந்தாலும் குத்து குத்துதானே? எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் கோபத்தை நான் யாரிடம் காட்டினேன்? பெற்ற மகளிடம்தான். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எட்டாம் மாதம் தஞ்சாவூரில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா என்னையும் உட்கார வைத்து விளக்கினார்கள். நம் முதுகெலும்புக்குள் தண்டுவடம் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு உறை. உறைக்குள் தண்ணீர் போல ஒரு திரவம். இளநீர்க் காய்க்குள் தண்ணீர் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அந்த உறைக்கு வெளியே சிறிது இடம் இருக்கிறது. இடுப்புப் பக்கம், தண்டுவடம் முடிந்துவிட்ட இடத்துக்குக் கீழே ஊசியைச் செலுத்தி, அந்த வெளியிடத்தில் நூல் போன்ற பிளாஸ்டிக் குழாயை வைத்துவிட்டு, ஊசியை எடுத்துவிடுவார்கள். குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போகும். வலியைக் கொண்டுபோகிற நரம்புகள் அடங்கிவிடும். தாய் விழிப்பாகவே இருப்பாள், பேசுவாள், முக்கச் சொன்னால் முக்குவாள்.

"சிக்கல் எதுவும் வராதுங்களா?" என்று கேட்டேன்.

"வரலாம்மா. நூத்துல ஒருத்தருக்குக் கடுமையான தலைவலி வரும். வந்தா மறைக்காம சொல்லணும், வைத்தியம் இருக்கு" என்றார்கள். அப்போது நான் தலையை ஆட்டினேன். ஆனால் காதில்தான் வாங்கிக்கொண்டேனே தவிர மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பிரசவ நாள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பனிக்குடம் உடைந்தது. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மத்தியானத்துக்குள் வலி நெருங்கி நெருங்கி வந்தது. மயக்க டாக்டர் வந்தார். மகளைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொன்னார். "வலி வந்தா சொல்லும்மா, அது போனப்புறம் ஊசி போடறேன். ஊசி போடறப்ப மட்டும் ஆடக் கூடாது" என்றார். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மறுபடி உள்ளே போனபோது மகளுக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பி.பி. சற்று இறங்கியிருந்தது. நர்ஸ் அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, டிரிப்ஸை வேகமாக்கினாள். குழந்தையின் இதயத் துடிப்பு மெஷினில் டக்டக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது. கால் மணி, இருபது நிமிஷத்தில் மகள் முகம் தெளிந்தது. "அம்மா, வயிறு இறுகறது தெரியுது, ஆனா வலிக்கல" என்றாள். எனக்கு நம்பவே முடியவில்லை. பிரசவ அறையில் என் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்! நான் பெற்ற இரண்டு தடவையும் என் அம்மா என் முகத்தைப் பார்க்க முடியாமல் வராந்தாவில் உட்கார்ந்து அழுதார்களாம்.

ராத்திரி ஒன்பதரைக்கு சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2 கிலோ 900 கிராம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

"நீ கேட்டு வாங்கின ஊசிதானே?"

மறுநாள் சாயங்காலம், "தலை கனமா இருக்கும்மா" என்றாள். தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். வியாழக்கிழமை டிஸ்சார்ஜ். காரில் வரும்போது என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள்களைப் பில்லோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை தலைவலி அதிகமாகிவிட்டது. வெளியே ஐப்பசி மழை. "பச்சை உடம்பு, வாடை பட்டுடுச்சு. தலையில நீர் கோத்துக்கிச்சு" என்றார்கள் என் அம்மா. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டோம். காதில் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றித் துணி கட்டினோம். மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை பிடிக்கச் சொன்னோம். "தண்ணி நிறைய குடிச்சா வயிறு தொங்கிடும், நாக்கை நனைக்க ஒரு வாய் வெந்நீர் போதும்" என்று தண்ணீரையும் குறைத்தோம். எல்லாம் அவள் நன்மைக்கென்றே செய்தோம்.

பால் கொடுக்க உட்காரச் சொன்னால், ஐந்து நிமிஷத்தில் "முடியலம்மா" என்று சாய்ந்துவிடுவாள். பிடரி இழுக்கிறது என்றாள். காதில் ங்ஙொய் என்று சத்தம் கேட்கிறது என்றாள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தையோ பசியில் வீறிட்டு அழுகிறது. பார்க்க வந்த சம்பந்தியம்மா, "என்ன, எப்பவும் படுத்த படுக்கையாவே இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் நான் மகள் பக்கம் திரும்பி, "நீ கேட்டு வாங்கின ஊசிதானே? எங்க பேச்சைக் கேட்டியா? இப்ப அனுபவி" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு அவள் தலைவலி என்று வாயே திறக்கவில்லை. நானும் குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். மகள் ஒருக்களித்துப் படுத்தபடி குழந்தையின் காலை வருடிக்கொண்டிருந்தாள். படுத்திருக்கும்போது முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. "உட்கார்ந்து எடுத்துக் குடும்மா" என்றேன். எழுந்தாள். எழுந்த ஒரு நிமிஷத்துக்குள் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குபுக்கென்று வாந்தி எடுத்தாள். மறுபடி படுக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கிவிட்டது.

"ஏம்மா, இவ்வளவு வலியை வச்சுக்கிட்டா சொல்லாம இருந்த?" என்றேன்.

"சொன்னா மட்டும்? நான் கேட்டு வாங்கினதுதானே..." என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரித் தாளை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் தமிழிலேயே போட்டிருந்தது: தலைவலி, காய்ச்சல், கால் மரப்பு இருந்தால் உடனே தெரிவிக்கவும். கீழே போன் நம்பர். அந்த நேரத்திலேயே போன் போட்டேன். நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "படுத்தா போகுதா, உட்கார்ந்தா வருதா?"

மயக்க டாக்டர் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின் சீட்டில் படுக்க வைத்து அழைத்துப் போனோம். ஞாயிறு என்றும் பாராமல் மயக்க டாக்டர் வந்திருந்தார். பி.பி. பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், கை கால் பலம் பார்த்தார், இரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு தாளில் படம் போட்டு எனக்குச் சொன்னார்.

எபிடியூரல் ஊசி உறைக்கு வெளியே நிற்க வேண்டும். எவ்வளவு கைதேர்ந்த டாக்டர் போட்டாலும் சில சமயம் நூலிழை தூரம் தாண்டி உறையில் பொத்தல் விழுந்துவிடும். சிலருக்கு அப்போதே தெரிந்துவிடும். சிலருக்கு அந்த நேரத்தில் தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். அந்தப் பொத்தல் வழியாக உள்ளே இருக்கிற திரவம் கசிகிறது. மூளை அந்தத் திரவத்தில்தான் மிதக்கிறது. திரவம் குறைந்தால், நாம் நிமிர்ந்து உட்காரும்போது மூளை கொஞ்சம் கீழே இழுக்கப்படுகிறது. அதுதான் அந்த வலி. படுத்தால் இழுப்பு இல்லை, வலியும் இல்லை. பெரும்பாலும் ஊசி போட்ட மூன்று நாளைக்குள் இது ஆரம்பிக்கும். பிடரி இழுப்பு, காதில் இரைச்சல், வெளிச்சம் பட்டால் கூசுவது, குமட்டல், பார்வை மங்கல் எல்லாம் கூட வரும். சிசேரியனுக்கு முதுகில் போடுகிற ஊசி உறையைத் துளைத்தே போகிறது. ஆனால் அது மிக மெல்லிய ஊசி என்பதால் தலைவலி வருவது இன்னும் குறைவு. வந்தால் அதுவும் இதே ஜாதித் தலைவலிதான்.

"அப்ப என் பொண்ணு பொய் சொல்லலை" என்றேன், என்னையும் அறியாமல்.

அவர் சிரித்துவிட்டு ஒரு பழைய கதை சொன்னார். 1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்ற பெரிய அறுவை டாக்டர், முதுகுத் தண்டில் மருந்து செலுத்தி மரத்துப் போகச் செய்வதைத் தன் மீதே சோதித்துப் பார்த்தாராம். அதற்குப் பிறகு எழுந்து நடந்தால் தலைவலி, படுத்தால் சரி என்று ஒன்பது நாள் அவதிப்பட்டாராம். "அவ்வளவு பெரிய டாக்டரே படுத்துட்டார். உங்க பொண்ணு குழந்தையும் வச்சுக்கிட்டு அஞ்சு நாள் தாங்கியிருக்கா" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

சொந்த இரத்தமே மருந்து

இந்தத் தலைவலி லேசாக இருந்தால் ஓய்வு, வேண்டிய அளவு தண்ணீர், டாக்டர் சொல்லும் வலி மாத்திரை இவற்றோடு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். காபி, டீ சிலருக்குக் கொஞ்ச நேரம் சுகம் தரும். ஆனால் உட்கார முடியாமல், பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் இருக்கிறவளைப் பொறுத்துக்கொள் என்று விடக் கூடாது. கசிவு நிற்காமல் நீடித்தால், அபூர்வமாகச் சிலருக்கு மூளையைச் சுற்றி இரத்தம் கட்டுவது போன்ற பெரிய ஆபத்தும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குச் செய்கிற வைத்தியத்துக்கு 'பிளட் பேட்ச்' என்று பெயர். நம் பாஷையில் இரத்த ஒட்டுப் போடுவது என்று சொல்லலாம். 1960-ல் கோர்ம்லி என்ற அமெரிக்க டாக்டர் முதன்முதலில் எழுதிவைத்த முறை இது.

அவளுடைய கையிலிருந்தே சுத்தமான முறையில் சுமார் 20 மில்லி இரத்தம் எடுத்து, முன்பு எபிடியூரல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில், உறைக்கு வெளியே மெதுவாகச் செலுத்துகிறார்கள். இரத்தம் அங்கே உறைந்து பொத்தலை அடைத்துவிடுகிறது. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி என்று டாக்டரே சொன்னார். காய்ச்சலோ, கிருமித் தொற்றோ, இரத்தம் உறைவதில் கோளாறோ இருந்தால் இதைச் செய்ய மாட்டார்கள். அதற்காகத்தான் முதலில் அத்தனை பரிசோதனையும். ஒரே தடவையில் எல்லோருக்கும் சரியாகிவிடாது. சிலருக்கு இரண்டாம் தடவையும் தேவைப்படும் என்பதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

இரத்தம் ஏறும்போது இடுப்பில் அழுத்துகிறது என்றாள் மகள். உடனே டாக்டர் நிறுத்திக்கொண்டார். இரண்டு மணி நேரம் மல்லாந்து படுக்க வைத்தார்கள். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நர்ஸ் அவளை மெதுவாகத் தூக்கி உட்கார வைத்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"அம்மா, வலிக்கல" என்றாள். அடுத்த வார்த்தை, "பாப்பாவைக் குடு."

குழந்தை பிறந்து ஐந்து நாளைக்குப் பிறகு என் மகள் முதன்முறையாகச் சௌகரியமாக உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி" என்றேன். "விடும்மா" என்றாள். விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் விடவில்லை.

பிறகு மூன்று நாலு நாள் இடுப்பில் பிடிப்பு இருந்தது. பளு தூக்காதே, குனிந்து வேலை செய்யாதே என்று சொல்லியிருந்தார்கள். தலைவலி திரும்ப வரவில்லை.

எல்லாத் தலைவலியும் இது அல்ல

இதை ஒவ்வொரு தாயும் கவனமாகப் படிக்க வேண்டும். பிரசவித்தவளுக்குத் தலைவலி வந்தால் எபிடியூரல்தான் காரணம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகும் பி.பி. ஏறி, கண் பூச்சி பறந்து, தலை இடித்து, வலிப்பு வரை போகிறது உண்டு. இன்னொன்று, மூளையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருகிற நாளங்களில் இரத்தம் உறைந்துவிடுவது. நம் நாட்டில் பிரசவித்த பெண்களிடம் பார்க்கப்படுகிற ஆபத்து இது. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனால் அதற்கு இன்னும் இடம் கொடுத்தது போலாகும் என்று டாக்டர் சொன்னபோது என் வயிற்றைக் கலக்கியது. நாக்கை நனைக்க ஒரு வாய் வெந்நீர் என்று அளந்து கொடுத்தவள் நான்தானே! பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் தீரத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வயிறு தொங்குவதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை.

படுத்தாலும் விடாத தலைவலி, வலிப்பு, கை கால் இழுத்துக்கொள்வது, பேச்சுக் குழறல், நினைவு தடுமாற்றம், இரட்டையாகத் தெரிவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் 108-க்குப் போன் போட வேண்டும். சுக்குப் பற்றெல்லாம் அப்போது உதவாது.

மற்றச் சிக்கல்கள்

எபிடியூரலில் வேறு என்னென்ன வரும் என்று நான் அன்றே டாக்டரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். பிரிட்டனில் மகப்பேறு மயக்க டாக்டர்களின் சங்கம் தாய்மார்களுக்காகவே வெளியிட்டிருக்கும் கணக்கு என்று படித்துச் சொன்னார்.

எபிடியூரல் போட்டும் வலி போதுமான அளவு குறையாமல் போவது 8 பேரில் ஒருவருக்கு. சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் மரக்கும். குழாயைச் சரிசெய்வார்கள், இல்லாவிட்டால் மறுபடி போடுவார்கள். பி.பி. குறிப்பிடும்படி இறங்குவது 50 பேரில் ஒருவருக்கு. கடுமையான தலைவலி 100 பேரில் ஒருவருக்கு. காலில் ஒரு இடம் மரத்துப் போவது, கால் பலம் குறைவது போன்ற நரம்புத் தொல்லை 1,000 பேரில் ஒருவருக்கு வந்து போகும். ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பது 13,000 பேரில் ஒருவருக்கு. ஊசி போட்ட இடத்தின் உள்ளே சீழ் வைப்பது 50,000 பேரில் ஒருவருக்கு. உள்ளே இரத்தம் கட்டுவது 1,70,000 பேரில் ஒருவருக்கு. கால் விளங்காமல் போகிற அளவு பெரிய பாதிப்பு 2,50,000 பேரில் ஒருவருக்கு.

உடம்பு நடுக்கம், அரிப்பு, சிறுநீர் வரத் தாமதம், பிரசவ நேரத்தில் லேசான காய்ச்சல் இவையும் உண்டு. முக்குகிற நேரம் கொஞ்சம் நீளலாம். எபிடியூரல் போட்டால் சிசேரியன்தான் என்று பயமுறுத்துகிறார்களே, அது உண்மையில்லை. ஆயுசுக்கும் இடுப்பு வலி என்பதும் உண்மையில்லை. பிள்ளை பெற்றவர்களில் பலருக்கு, ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், இடுப்பு வலி இருக்கத்தான் செய்கிறது. எனக்கே இருபது வருஷமாக இருக்கிறது. நான் எந்த ஊசியும் போட்டுக்கொள்ளவில்லையே! இதைச் சொன்னதும் என் அம்மா பேசாமல் உள்ளே போய்விட்டார்கள். மருந்து தாய்ப்பாலில் மிக மிகக் கொஞ்சமே கலக்கும், தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

முன்னாலேயே கேட்க வேண்டியவை

எட்டாம் மாதத்திலேயே போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வலி வந்த பிறகு யாருக்கும் கேட்கத் தோன்றாது.

1. ராத்திரியிலும் மயக்க டாக்டர் இருப்பாரா? ஊசி போட்ட பிறகு யார் கவனித்துக்கொள்வார்கள்?

2. பி.பி.யையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் தொடர்ந்து பார்க்க வசதி உண்டா?

3. இரத்தம் இளகுவதற்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தாலும், இரத்தத்தில் தட்டணு குறைவாக இருந்தாலும், முதுகில் ஆபரேஷன் நடந்திருந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிலருக்கு எபிடியூரல் ஆகாது.

4. செலவு எவ்வளவு? பிறகு தலைவலி வந்தால் யாருக்குப் போன் செய்வது?

5. டிஸ்சார்ஜ் தாளை பீரோவில் பூட்டாதீர்கள். படித்துவிட்டு, போன் நம்பரைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சலோடு முதுகு வலி, காலில் பலம் குறைந்துகொண்டே போவது, மரப்பு விடாமல் இருப்பது, சிறுநீர் அடைப்பது அல்லது தெரியாமல் போய்விடுவது, இவை எது வந்தாலும் அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும்

எபிடியூரல் போட்டுக்கொள்ளுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நான் இதை எழுதவில்லை. அது பெறப் போகிறவளும் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வலிக்கு மருந்து கேட்டவளைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நாம் குத்திக் காட்டினால், பிறகு ஒரு சிக்கல் வரும்போது அவள் நம்மிடம் வாயைத் திறக்க மாட்டாள். என் மகளுக்கு வந்தது வைத்தியம் உள்ள தலைவலி. அதனால் பிழைத்தோம். அதுவே வேறு வியாதியாக இருந்து, என் பேச்சுக்குப் பயந்து அவள் சொல்லாமல் இருந்திருந்தால்? நினைத்தால் இப்போதும் எனக்கு ராத்திரி தூக்கம் கலைகிறது.

பேத்திக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகி வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். சிசேரியன். என் அம்மாவும் நானும் போய்ப் பார்த்தோம். அம்மா வழக்கம் போலச் சுக்குப் பொடியும் பூண்டும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். குழந்தைக்குத் திருஷ்டி கழித்துவிட்டு, அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்கள்:

"தலை கிலை வலிக்குதாடியம்மா? படுத்தா போகுதா, உட்கார்ந்தா வருதா? இருந்தா சொல்லிடு. மறைக்காத."